கோணப்பனைக்காரர்கள் பெட்ரோல் டாங்கி சோதித்த வெள்ளிக்கிழமை

கோணப்பனை ஊர்க்காரர்களுக்கு மூளை கிடையாது என்று சுற்றுவட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. அது வீண்பழி. மூளை இருக்கிறது. கடையில் வாங்கியபடி கவர் பிரிக்காமல் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊர்க்காரர்கள் மூன்று பேர் செம்மண் மேடான தேரிக்காட்டு ஓரத்தில் இருக்கும் சின்ன விமானத் தளத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தார்கள். தளம் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். பனைமரங்களுக்கு நடுவே நீளமாக ஒரு தார் ரோடு, ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய ஒரே ஒரு குட்டி விமானம். மாடக்கண்ணு அண்ணாச்சி மூவரில் மூத்தவர், ஆகவே தலைவர். வேலாண்டிக்கு எழுதப் படிக்க வரும், ஆகவே அறிவாளி. பிச்சைக்கனி இரண்டும் இல்லை, ஆகவே வேலை முழுவதும் அவன் தலையில்.

விமானத்தை ஓட்டுகிறவள் எஸ்தர். பன்னிரண்டு வருஷமாக ஓட்டுகிறாள், கெட்டிக்காரி. அந்த வெள்ளிக்கிழமை அவளுக்கு ஒரு பெரிய சங்கடம். லைசென்ஸைப் புதுப்பிக்க இன்னும் ஒரே ஒரு மணி நேரம் பறக்க வேண்டியிருந்தது. அன்று பொழுது அடைவதற்குள் பறந்து முடிக்காவிட்டால் லைசென்ஸ் காலாவதி. அப்புறம் முதல் பரீட்சையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆனால் நினைத்தவுடன் ஏறிப் பறக்கவும் முடியாது. பெட்ரோல் டாங்கி, குழாய், வடிகட்டி எல்லாவற்றையும் சோதித்துத் தாளில் எழுதி வைக்க வேண்டும். மேலிடத்து அதிகாரி வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

அதிகாரி ரயிலில் வருகிறார். அழைத்துவர எஸ்தர்தான் போக வேண்டும். சோதனையை இந்த மூவரிடம் விட்டுப் போக அவளுக்கு மனசே இல்லை. போன மாதம்தான் இவர்கள், பறக்கும்போது அம்மாவுக்கு வெயில் கண்ணைக் கூசுமே என்று தாங்களாகவே யோசித்து, விமானத்தின் முன்கண்ணாடிக்கு வெள்ளையடித்து வைத்திருந்தார்கள்.

அதனால் இந்த முறை உஷாராக, ராத்திரியே உட்கார்ந்து ஒவ்வொரு வேலையையும் தமிழில் எழுதிக்கொண்டு வந்தாள்.

"அண்ணாச்சி, இதுல எல்லாம் விவரமா எழுதியிருக்கேன். உங்க சொந்த யோசனை ஒண்ணும் வேண்டாம். எழுதினதை எழுதினபடி செய்யுங்க, அது போதும்."

"யோசிக்கவே மாட்டோம் கேப்டனம்மா," என்று மாடக்கண்ணு நெஞ்சில் கை வைத்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் கோணப்பனைக்காரர்களை மிஞ்ச ஆள் கிடையாது. அதுதானே பயமே.

எஸ்தரின் ஜீப் புழுதியில் மறைந்ததும் வேலாண்டி தாளைப் பிரித்து முதல் வரியை வாசித்தான். "வேலை தொடங்கும் முன், விமானத்திலிருந்து ஐம்பது அடிக்குள் தீ எதுவும் இல்லை என்று அளந்து உறுதி செய்யவும்."

பிச்சைக்கனி அளக்கும் நாடாவின் ஒரு முனையை விமானத்தின் மூக்கில் வைத்துப் பிடித்தான். மறுமுனையை வைத்துக்கொண்டு மாடக்கண்ணு வெகுநேரம் நின்றார்.

"ஏலே வேலாண்டி, இந்த முனையை எதுல வைக்கணும்?"

"தீயில வைக்கணும் அண்ணாச்சி."

"தீ எங்கல இருக்கு?"

"எங்கயும் இல்லீங்களே."

"இல்லாத தீக்கு எப்படில தூரம் அளக்க? அளந்து உறுதி செய்யணும்னுலா எழுதியிருக்கு?"

நியாயமான கேள்வி. மூவரும் ஆலோசித்து, ஐம்பத்தோராவது அடியில் ஒரு செங்கல்லை வைத்து அதன்மேல் சூடம் ஏற்றினார்கள். அளந்தார்கள். ஐம்பதுக்குள் தீ இல்லை. "உறுதி" என்று வேலாண்டி எழுதினான். தீ அணைந்துவிட்டால் உறுதியும் போய்விடுமே என்பதால், சூடம் சூடமாகப் போட்டுக்கொண்டு பிச்சைக்கனி அங்கேயே காவலுக்கு உட்கார்ந்தான். அதற்குப் பிறகு நடந்த ஆலோசனைகளில் எல்லாம் அவன் ஐம்பத்தோரு அடி தூரத்திலிருந்து கத்தித்தான் கலந்துகொண்டான்.

இரண்டாவது வரி. "மிகத் தாழ்வான இடத்திலிருந்து மாதிரி எடுத்து, கண்ணாடிப் புட்டியில் பிடித்து, தூசியோ தண்ணீரோ இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்கவும்."

எஸ்தர் சொன்னது டாங்கியின் அடிப்பாகத்தை. ஆனால் டாங்கி என்று அந்த வரியில் எழுதவில்லை. மாடக்கண்ணு தரையில் குப்புறப் படுத்து விமானத்தை ஒரு பக்கமிருந்து மறுபக்கம் வரை நோட்டம் விட்டார்.

"டாங்கி மேல இறக்கையில இருக்கு. அது தாழ்வா?"

"இல்லீங்க அண்ணாச்சி. தாழ்வுன்னா டயருதான். அதுக்குக் கீழ தரை."

"அப்ப டயருல எடு."

டயரில் காற்றடிக்கும் மூக்கை அமுக்கி, புட்டியின் வாயை அதில் வைத்து, உஸ்ஸென்று வந்ததைச் சிந்தாமல் பிடித்து மூடினார்கள். மூன்று சக்கரம், மூன்று புட்டி. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் தூசி இல்லை, தண்ணீர் இல்லை, கண்ணாடி மாதிரி இருந்தது. இவ்வளவு சுத்தமான பெட்ரோலைத் தன் ஆயுசிலேயே பார்த்ததில்லை என்று மாடக்கண்ணு மனசாரச் சொன்னார். விமானம் மூன்று காலும் மடங்கி மெதுவாக உட்கார்ந்தது.

மூன்றாவது வரி. "வடிகட்டியைச் சோதிக்கவும். உதவாததை எறிந்துவிட்டு, நல்லதைப் பொருத்தவும்." எஸ்தர் புத்தம்புது வடிகட்டி ஒன்றைப் பெட்டியோடு வாங்கி மேஜைமேல் வைத்திருந்தாள். விமானத்திலிருந்து கழற்றிய பழையது கன்னங்கரேலென்று இருந்தது.

மாடக்கண்ணு இரண்டையும் இரண்டு உள்ளங்கையில் ஏந்தினார். "வடிகட்டிக்கு வேலை என்னல?"

"அழுக்கைப் பிடிக்கது."

"இந்தா, இது எவ்வளவு பிடிச்சிருக்கு பாரு. பாடுபட்ட உடம்பு. இந்த வெள்ளைக்காரன் என்ன பிடிச்சிருக்கான்?"

"ஒரு பொட்டுகூடப் பிடிக்கல அண்ணாச்சி."

"பெட்டிக்குள்ள சொகுசாப் படுத்துக் கெடந்தவன். தூக்கி எறி."

"எறிங்க!" என்று தூரத்திலிருந்து பிச்சைக்கனியும் ஓட்டுப் போட்டான். புதியது கிணற்றுக்குள் போயிற்று. பழையதை ஒரு தட்டுத் தட்டி மரியாதையோடு திரும்பப் பொருத்தினார்கள்.

நான்காவது வரிதான் விவகாரமானது. "டாங்கியில் தண்ணீர் தங்கியிருந்தால் அடித்திருகைத் திறந்து அகற்றவும். அகற்றிய தண்ணீரின் அளவைக் கட்டத்தில் எழுதவும். எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது."

திருகைத் திறந்து கிண்ணத்தில் பிடித்தார்கள். சொட்டுத் தண்ணீர் இல்லை. இதைத்தானே இரண்டாவது வரிக்கே செய்திருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்பீர்கள். உங்களுக்கென்ன, யோசிக்க மாட்டேன் என்று நீங்கள் வாக்குக் கொடுக்கவில்லை.

"கட்டத்துல சைபர் போட்டுரவா அண்ணாச்சி?"

"சைபர்னா என்ன அர்த்தம்?"

"ஒண்ணுமில்லன்னு அர்த்தம்."

"ஒண்ணுமில்லைன்னு எழுதினா கட்டம் காலிதானல? அம்மா என்ன சொல்லிட்டுப் போனாவ?"

வேலாண்டி தலையைச் சொறிந்தான். கடைசியில் வழி சொன்னது பிச்சைக்கனிதான். "தண்ணி இருந்தாத்தானே அகத்த முடியும்? ஊத்துங்க அண்ணாச்சி!"

ஒரு குடம் கிணற்றுத் தண்ணீர் டாங்கிக்குள் போனது. உடனே அகற்றும் வேலை ஆரம்பமானது. ஒரு துளியும் உள்ளே நின்றுவிடக் கூடாது என்ற கவலையில், திருகைத் திறந்துவிட்டு டாங்கி காய்ந்து கடைசிச் சொட்டு விழும்வரை நின்றார்கள். "அகற்றிய தண்ணீர் ஒரு குடம். துணைக்கு வந்த பெட்ரோல் ஒரு டிரம்" என்று கட்டம் நிறைய எழுதினான் வேலாண்டி.

ஐந்தாவது வரி, டாங்கி மூடியை இறுக்கி அரக்கு வைத்து, அதிகாரி வரும்வரை திறக்கக் கூடாது என்றது. அரக்கு வைத்தார்கள். ஆறாவது வரி, குழாய்களில் கசிவு உண்டா என்று கேட்டது. மூவரில் இருவர் அரைமணி நேரம் குழாயையே உற்றுப் பார்த்தார்கள். ஒரு சொட்டுக் கசியவில்லை. எப்படிக் கசியும்?

ரயில் தாமதம். எஸ்தரின் ஜீப் திரும்பி வரும்போது மணி நாலேகால். வாசலிலேயே சூடப் புகைக்கு நடுவே பிச்சைக்கனியைப் பார்த்ததும் அவள் ஜீப்பை அங்கேயே நிறுத்தினாள்.

"பயப்படாதீங்க மேடம், இன்னும் ரெண்டு டப்பா சூடம் இருக்கு," என்று அவன் தைரியம் சொன்னான்.

அதிகாரி பெயர் திரவியம். மூக்குக் கண்ணாடி, கக்கத்தில் தடித்த விதிப்புத்தகம். விமானத்தின் பக்கமே போகாமல் தாளை வாங்கி வரிவரியாகப் படித்து டிக் அடித்தார். புட்டி மூன்றையும் வெளிச்சத்தில் பிடித்து, குலுக்கி, திறந்து முகர்ந்தார்.

"முதல் தரம்," என்றார்.

எஸ்தர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "சார், உங்களுக்குச் சொந்த ஊர் எது?"

"கோணப்பனைதாம்மா. சின்ன வயசுலயே வேலைக்கு வெளியூர் வந்துட்டேன்."

மாடக்கண்ணுவும் வேலாண்டியும் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டார்கள்; சூடத்தை விட்டு வர முடியாத பிச்சைக்கனி தூரத்திலிருந்தே கும்பிட்டான். எஸ்தர் மட்டும், காற்றுப் போன டயருக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். விமானம் பறக்கத் தகுதியானது என்று திரவியம் கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்திவிட்டார். ஆனால் டாங்கி காலி, டிரம்மில் இருந்ததெல்லாம் தண்ணீர் கலந்தது, அடுத்த பெட்ரோல் வண்டி திங்கட்கிழமைதான்.

"ஒரே ஒரு மணி நேரம் அண்ணாச்சி," என்றாள். "பன்னெண்டு வருஷம் ஓட்டினேன். இன்னிக்குப் பொழுது அடைஞ்சா எல்லாம் போச்சு."

மாடக்கண்ணுவுக்குக் கண்ணில் நீர் கட்டியது. நான் அவரை எவ்வளவு கிண்டல் செய்தாலும் இதைச் சொல்லியாக வேண்டும், மனுஷன் தங்கமானவர். "சார், நம்ம ஊர்க்காரர் நீங்க. பொஸ்தகத்துல வழி ஏதும் இருக்கா பாருங்க," என்று கெஞ்சினார்.

திரவியம் புத்தகத்தைப் புரட்டினார். "விமானம் தரையில் படாமல் ஒரு மணி நேரம் பயணம் செய்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். இவ்வளவுதான் போட்டிருக்கு. பெட்ரோல் வேணும்னு இதுல எங்கயும் இல்ல."

ஓடுதளத்துக்கு வெளியே ஐயாத்துரை என்ற உள்ளூர் டிரைவரின் லாரி கருப்பட்டி மூட்டை இறக்கிவிட்டு நின்றுகொண்டிருந்தது. அப்புறம் என்ன? பனங்காட்டிலிருந்து இருபது பேர் வந்து ஒரு கை கொடுக்க, விமானம் லாரிமேல் ஏறியது. எஸ்தர் முடியாது என்றாள். மணியைப் பார்த்தாள். நாலு ஐம்பது. பல்லைக் கடித்துக்கொண்டு விமானத்துக்குள் ஏறி உட்கார்ந்தாள்.

லாரி கிளம்பியது. இறக்கைகள் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்ததால், எதிரே வந்த டவுன் பஸ் மரியாதையாகப் பனங்காட்டுக்குள் இறங்கி வழிவிட்டது. திரவியம் கையில் கடிகாரத்தோடு விமானத்தின் வாலடியில் உட்கார்ந்திருந்தார்.

"பறக்கும் உயரம்?"

வேலாண்டி லாரியிலிருந்து தலைகீழாகத் தொங்கி நாடாவால் அளந்தான். "நாலரை அடி சார்!"

வேகத்தடையில் லாரி தூக்கிப் போட்டபோது, "வானிலை சற்று மோசம்" என்று திரவியம் குறித்துக்கொண்டார். டீக்கடைப் பக்கம் ஐயாத்துரை வண்டியை மெதுவாக்கினார். "நடுவானத்துல நிறுத்தப்படாது!" என்று திரவியம், மாடக்கண்ணு, வேலாண்டி மூன்று பேரும் ஒரே குரலில் கத்தியதால், கடைக்காரர் கூடவே ஓடி வந்து கிளாஸை ஒவ்வொன்றாக நீட்டினார். பள்ளிக்கூடம் விட்டுப் போன பிள்ளைகள் எஸ்தருக்குக் கையாட்டினார்கள். அவளும் ஆட்டினாள். வேறென்ன செய்ய?

ஐந்து ஐம்பத்து மூன்றுக்கு லாரி தளத்துக்குத் திரும்பியது. ஒரு மணி நேரம், ஒரு நிமிஷம். பொழுது இன்னும் பனை உச்சியில்தான் நின்றது. எஸ்தருக்கு முதல்முறையாக நம்பிக்கை வந்தது. கோணப்பனைக்காரர்களை நினைத்து அவள் முகத்தில் சிரிப்புக்கூட வந்தது.

திரவியம் படிவத்தின் கடைசிக் கட்டத்துக்கு வந்தார். "இந்த ஒரு மணி நேரமும் வண்டியைத் திருப்பி, நிறுத்தி, வேகம் கூட்டி நடத்தினவர் பேரு?"

"எஸ்தர்," என்றாள் எஸ்தர்.

மாடக்கண்ணுவின் முகம் வாடியது. நெஞ்சில் கை வைத்தார். "கேப்டனம்மா, கோவிச்சுக்கிடாதீங்க. கவர்மெண்டுத் தாளு. பொய் எழுதப்படாது. நீங்க சும்மா உக்காந்து கையாட்டிட்டுத்தானே வந்தீங்க? திருப்புனது, நிறுத்துனது எல்லாம் ஐயாத்துரைலா?"

"ஆமா," என்றான் வேலாண்டி.

"ஆமா!" என்றான் பிச்சைக்கனி, இன்னும் சூடத்தைக் காத்துக்கொண்டு ஐம்பத்தோரு அடி தூரத்திலிருந்து.

திரவியம் தலையாட்டினார். எழுதினார். முத்திரை குத்தினார். எஸ்தர் அழுதாளா சிரித்தாளா என்று அங்கிருந்தவர்களுக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கொட்டகைக்குப் பின்னால் போய் வெகுநேரம் நின்றாளாம். தோள் மட்டும் குலுங்கியதாம்.

அடுத்த மாதம் ஐயாத்துரைக்கு விமானம் ஓட்டும் லைசென்ஸ் தபாலில் வந்து சேர்ந்தது. எஸ்தரின் லைசென்ஸ் காலாவதியாகிவிட்டதால், அவள் மறுபடி முதல் பாடத்திலிருந்து கற்க வேண்டும், அதுவும் லைசென்ஸ் உள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கற்க வேண்டும் என்று விதி. அந்தத் தளத்தில் லைசென்ஸ் உள்ளவர் ஒரே ஒருவர்தானே.

லைசென்ஸ் வந்த அடுத்த திங்கட்கிழமை காலையில் ஐயாத்துரை குளித்து, திருநீறு பூசி, சக்கரங்களுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு விமானத்தில் ஏறினார். மாணவி பக்கத்து இருக்கையில் பெல்ட் மாட்டிக்கொண்டு தயாராக இருந்தாள். ஆசிரியர் எதிரே இருந்த கருவிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். மேலே பார்த்தார், கீழே குனிந்து பார்த்தார். அப்புறம் எஸ்தர் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எல்லாம் சரிதாம்மா. ஹாரன் எங்க இருக்கு? எதுத்தாப்புல கொக்கு வந்தா ஒதுங்கச் சொல்ல வேண்டாமா?"