பாராசூட் அடிக்குதுங்க

“மாஸ்டருங்க, உங்க பாராசூட் என்னையப் போட்டு அடிக்குதுங்க.”

பெனிட்டா மாஸ்டர் தலை நிமிரவில்லை. தரையில் விரித்திருந்த துணியை முழங்காலால் அமுக்கி, உள்ளே இருந்த காற்றை வெளியேற்றிக்கொண்டிருந்தார்.

“எங்க அடிச்சுது, அண்ணாச்சி?”

தெய்வசிகாமணி சட்டையின் மேல்பொத்தான்களைக் கழற்றினார். இரண்டு தோளிலும் பட்டை பட்டையாகச் சிவந்திருந்தது.

“தோள்லங்க. தொடையிலங்க. கழுத்தைப் புடிச்சு உலுக்குனதுல கடவாப்பல்லு ஒண்ணு ஆடுதுங்க.”

“வேற பாராசூட் வேணுமா?”

“அதுக்குத்தானுங்க வந்தேன்.”

மாஸ்டர் வேறு ஒன்றைக் கொடுத்தார்.

மத்தியானம் தெய்வசிகாமணி திரும்பி வந்தார். நடையில் ஒரு பக்கம் சாய்வு இருந்தது.

“இதுவும் அடிக்குதுங்க.”

“அப்படியா?”

“ரெண்டும் பேசி வெச்சுக்கிட்டு அடிக்குதுங்க.”

தெய்வசிகாமணிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஈரோட்டில் கல்யாணச் சமையல் காண்ட்ராக்டர். நல்ல கனத்த உடம்பு. அடுப்படியில் அவர் வாயிலிருந்து அதிகம் வந்த சொல் ‘சீக்கிரம்’. வெங்காயம் வதங்குவதற்குக்கூட அவர் பொறுத்ததில்லை. அதையும் திட்டுவார்.

அவருடைய பிறந்தநாளுக்கு மகள் ஒரு பரிசு கொடுத்தாள். பயிற்சியாளரோடு சேர்த்துக் கட்டி, விமானத்திலிருந்து ஒரு குதி. குதித்து இறங்கியதும் மகள் ஓடிவந்து, “அப்பா, பயமா இருந்துச்சா?” என்று கேட்டாள்.

“அடுத்த வண்டி எப்ப?” என்றார் தெய்வசிகாமணி.

அன்றிலிருந்து தனியாகக் குதிக்கப் பழகி, முகூர்த்தம் இல்லாத நாளெல்லாம் அவர் இங்கேதான். என்றைக்கோ போட்டுக் கைவிட்ட ஓடுதளம். சுற்றிலும் வேலிமுள். நடுவே ஒரு தகரக் கொட்டகை, ஒரு குட்டி விமானம், பெனிட்டா மாஸ்டர். தூத்துக்குடிப் பெண். தெய்வசிகாமணியைவிட ரொம்பச் சின்னவர். வானத்திலிருந்து எத்தனை தடவை விழுந்திருக்கிறார் என்று கேட்டால், “செத்ததில்லை” என்பார்.

மாஸ்டர் துணியை மடித்து வைத்துவிட்டு எழுந்தார்.

“உங்க கார்ல குடை இருக்கா?”

“இருக்குதுங்க. மச்சான் சிங்கப்பூர்ல இருந்து வாங்கிட்டு வந்தது.”

“எடுத்துட்டு வாங்க.”

கூரையில்லாத ஜீப்பின் பின்னால் அவரை உட்கார வைத்து, மாஸ்டர் ஓடுதளத்தில் மெதுவாக ஓட்டினார். மாடு நடக்கிற வேகம்.

“குடையை விரிங்க.”

விரித்தார். குடை அழகாக நின்றது. வெயிலுக்கு இதமாகக்கூட இருந்தது.

“மடக்குங்க.”

மடக்கினார்.

மாஸ்டர் ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். வேலிமுள் எல்லாம் ஒரே பச்சைக் கோடாக ஓடியது. தெய்வசிகாமணியின் கண்ணில் தண்ணீர் வந்தது.

“இப்ப விரிங்க!”

பட்டென்று ஒரு சத்தம். குடை பின்பக்கமாகத் திரும்பி, கம்பியெல்லாம் முறுக்கிக்கொண்டு, துணி தனியாகப் பறந்துபோய் முள்மரத்தில் உட்கார்ந்தது. தெய்வசிகாமணியின் கையில் பிடி மட்டும் இருந்தது. தோள்பட்டை விண்ணென்று வலித்தது.

ஜீப் நின்றது.

“குடை என்ன பாவம் செஞ்சுது?” என்று கேட்டார் மாஸ்டர்.

தெய்வசிகாமணி பிடியைப் பார்த்தார். முள்மரத்தைப் பார்த்தார். அப்புறம் தொடையில் தட்டிக்கொண்டார்.

“ஆஹா! வேகமுங்க! வேகத்துல போயி விரிச்சா அடிக்குது. மெதுவாயிட்டு விரிச்சா அடிக்காது. புரிஞ்சுபோச்சுங்க!”

“புரிஞ்சிட்டா?”

“சுத்தமாப் புரிஞ்சுபோச்சுங்க.”

மாஸ்டர் பெருமூச்சு விட்டார்.

மறுநாள் காலை தெய்வசிகாமணி குதித்தார். மாஸ்டரும் கூடக் குதித்தார். பாராசூட் முன்பைவிட ஓங்கி அடித்தது. இறங்கியவர் புல்லிலேயே சிறிது நேரம் உட்கார்ந்திருந்தார்.

“புரிஞ்சுதுங்களே மாஸ்டர்! அப்புறமும் ஏனுங்க அடிக்குது?”

மாஸ்டர் அவரைக் கொட்டகைக்குக் கூட்டிப்போய், தன் ஹெல்மெட் கேமராவில் பதிவானதைப் போட்டுக் காட்டினார்.

திரையில் ஒருவர் விழுந்துகொண்டிருந்தார். கையும் காலும் விரித்து, நெஞ்சை முன்தள்ளி, தட்டையாக, காற்றில் மெத்தை போட்டுப் படுத்த மாதிரி. ரொம்ப அழகு.

“இது யாருங்க?”

“நீங்கதான்.”

“பரவாயில்லையே!” என்று தெய்வசிகாமணி மீசையைத் தடவிக்கொண்டார்.

“பாருங்க.”

பாராசூட்டை இழுக்க வேண்டிய உயரம் நெருங்கியது. திரையில் இருந்தவர் கீழே பார்த்தார். உடனே முழங்கால் வயிற்றுக்குப் போனது. கை நெஞ்சுக்குப் போனது. தலை குனிந்தது. தட்டையாக இருந்த மனுஷன் ஒரு பலாப்பழம் ஆனார். பலாப்பழம் காற்றைக் கிழித்துக்கொண்டு சர்ரென்று கீழே போனது. மேலே இருந்த கேமராவுக்கு அதன் முதுகு மட்டும் சின்னதாகிக்கொண்டே தெரிந்தது. அந்த வேகத்திலேயே பாராசூட் வெளியே வந்தது. படார்!

திரையில் படார் என்றதும் பெஞ்சில் இருந்த தெய்வசிகாமணியும் குலுங்கினார்.

“இதுவும் நானுங்களா?”

“ஆமா.”

“நான் விரிச்சுக்கிட்டே இருந்த மாதிரித்தானுங்க நெனச்சேன்.”

மாஸ்டர் கட்டங்காப்பியை ஊற்றி அவர் முன்னால் வைத்தார்.

“ஏன் சுருண்டுக்கிட்டீங்க?”

தெய்வசிகாமணி டம்ளரை உருட்டினார். வெட்கமாக இருந்தது. கொட்டகையில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு சொன்னார்.

“பூமி வருதுங்க, மாஸ்டர்.”

“ம்.”

“மொதல்ல படம் மாதிரி சும்மாத்தான் கெடக்குது. திடீர்னு பெருசாகுது. வீடு வருது. தென்னமரம் வருது. அப்ப எல்லாத்தையும் சீக்கிரம் முடிச்சுப்போடணும்னு இருக்குதுங்க. அந்த நேரத்துல போயி மெதுவாப் போன்னா எப்படிங்க?”

“சுருண்டா?”

“இன்னும் வேகமா வருதுங்க.”

“அப்புறம்?”

“இன்னும் சுருண்டுக்கறேனுங்க.”

சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். மாஸ்டர் சிரிக்கவில்லை.

“அண்ணாச்சி, இன்னொரு அடி இப்படி வாங்குனா துணி கிழியும். இல்லேன்னா உங்க கழுத்து போகும். கிழிஞ்ச துணிக்கு மாத்துத் துணி முதுகுல இருக்கு. கழுத்துக்கு இல்ல. அடுத்த குதியும் இப்படின்னா நான் உங்களை விமானத்துல ஏத்த மாட்டேன்.”

தெய்வசிகாமணியின் முகம் சின்னப் பிள்ளை முகம் மாதிரி ஆகிவிட்டது. பாதி வாழ்நாள் புகையில் நின்றவர். புகையில்லாத இடம் என்று அவருக்குக் கிடைத்தது அந்த வானம் ஒன்றுதான்.

“மெதுவாகறதுக்கு வழி சொல்லுங்க மாஸ்டர்.”

மாஸ்டர் எழுந்து நின்றார். இரண்டு கையையும் அகல விரித்தார். நெஞ்சை நிமிர்த்தினார். முகத்தைத் தூக்கினார். அப்படியே நின்றார்.

“இது தெரியுமுங்க. வகுப்புல சொன்னீங்க. பலகை மேல கவுந்து படுத்துக்கூடச் செஞ்சு காட்டுனேன்.”

மாஸ்டர் கையை இறக்கவில்லை.

“யாரையோ கட்டிப் புடிக்கப் போற மாதிரி நிக்கறீங்களே. யாரைங்க?”

மாஸ்டர் ஒரு விரலால் தரையைக் காட்டினார்.

“பூமியவா?”

“வருதுன்னு சொன்னீங்கள்லா?”

தெய்வசிகாமணி தரையைப் பார்த்தார். சிமெண்டுத் தரை. ஒரு கட்டெறும்பு போய்க்கொண்டிருந்தது.

“கட்டிப் புடிச்சும் மெதுவாகலைன்னா?”

“உயரம் வந்திட்டா இழுத்திரணும். அடி விழுந்தாலும் சரி. அதுல பேச்சே கிடையாது.”

அன்று சாயங்காலம் கடைசி விமானம். அவரும் மாஸ்டரும் மட்டும் விமானத்தின் வாசலில் இருந்தார்கள். தெய்வசிகாமணி கும்பிட வேண்டிய சாமிகளை எல்லாம் கும்பிட்டார். விட்டுப்போன சாமிகளிடம் மன்னிப்பும் கேட்டார். குதித்தார்.

மேலே எல்லாம் சுகம். தட்டையாகக் கிடந்தார். மேகம் ஒன்று பக்கத்தில் போனது.

அப்புறம் கீழே பார்த்தார்.

பூமி வந்துகொண்டிருந்தது.

ஐநூறு பேருக்கு ஆக்கிவைத்த மண்டபத்தில் எண்ணூறு பேர் திபுதிபுவென்று நுழைகிற மாதிரி வந்தது. குளம் வந்தது. கோழிப்பண்ணை வந்தது. ரோட்டில் ஒரு லாரி வந்தது. முழங்கால் தானாக வயிற்றுப் பக்கம் கிளம்பியது. கை நெஞ்சுக்குக் கிளம்பியது.

அத்தனை பேர் வரும்போது மண்டபத்தில் என்ன செய்வார்? உள்ளே அடுப்படியில் ஆட்களைச் சீக்கிரம் சீக்கிரம் என்று விரட்டுவார். ஆனால் வாசலில்?

தெய்வசிகாமணி இரண்டு கையையும் அகலமாக விரித்தார். நெஞ்சைத் தள்ளினார். முகத்தைத் தூக்கினார்.

“வாங்க! வாங்க! வாங்க!”

வாய் திறந்ததும் காற்று உள்ளே புகுந்து இரண்டு கன்னத்தையும் காதுவரை கொண்டுபோனது. சொன்னது அவருக்கே கேட்கவில்லை. ஆனாலும் விடவில்லை. தென்னமரத்தை வாங்க என்றார். லாரியை வாங்க என்றார். கோழிப்பண்ணையைக் குடும்பத்தோடு வாங்க என்றார்.

காதில் இரைச்சல் குறைந்தது.

பக்கத்தில் ஏதோ அசைந்தது. பெனிட்டா மாஸ்டர். இத்தனை நாளும் இந்த உயரத்தில் மாஸ்டரை அவர் பார்த்ததே இல்லை. மாஸ்டர் இங்கே வரும்போதெல்லாம் இவர் சுருண்டு எங்கோ கீழே போய்விட்டிருப்பார். இப்போது இருவரும் எதிரெதிரே, சமமாக, பந்தியில் உட்கார்ந்த மாதிரி இருந்தார்கள்.

மாஸ்டர் தன் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார்.

தெய்வசிகாமணி தன் கையில் இருந்த உயரக் கடிகாரத்தைப் பார்த்தார். இழுக்க வேண்டிய உயரம். மாஸ்டர் விலகிப் போனார். இவர் இடுப்புக்குப் பின்னால் இருந்த பிடியை உருவி வீசினார். பல்லைக் கடித்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டார். கழுத்தை இறுக்கிக்கொண்டு அடிக்காகக் காத்திருந்தார்.

அடி வரவில்லை.

‘ஐயோ, விரியலையே!’

பதறிப்போய் மேலே பார்த்தார். தலைக்கு மேல் மஞ்சளும் நீலமுமாகத் துணி முழுசாக விரிந்து, தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. அவர் ஏற்கெனவே அதில் தொங்கிக்கொண்டிருந்தார்.

தெய்வசிகாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். காற்றால் வந்த தண்ணீர் என்று சொல்ல முடியாது. காற்று இல்லை.

எங்கோ ஒரு நாய் குரைத்தது தெளிவாகக் கேட்டது. யாரோ பம்புசெட்டை நிறுத்தினார்கள். அதுவும் கேட்டது. கரும்புக்காட்டின் மேலே இடப்பக்கம் ஒரு திருப்பு திருப்பினார். நன்றாக இருந்தது. வலப்பக்கம் ஒன்று திருப்பினார்.

கீழே மாஸ்டர் எப்போதோ இறங்கி, துணியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அண்ணாந்து நின்றிருந்தார். விமானி கொட்டகைக் கதவைப் பூட்டிவிட்டுப் பைக்கின் மேல் சாய்ந்திருந்தார்.

தெய்வசிகாமணி கடைசியில் ஓடுதளத்துப் புல்லில் இரண்டு காலையும் பூப்போல வைத்து இறங்கினார்.

“என்ன அண்ணாச்சி, இவ்வளவு நேரம் மேலேயே சுத்திட்டிருந்தீங்க?” என்று கேட்டார் மாஸ்டர்.

தெய்வசிகாமணி ஹெல்மெட்டைக் கழற்றினார். மெதுவாகக் கழற்றினார்.

“நேரம் இருந்துச்சுங்க.”