கத்திரிப்பூச் சேலைக்கு மை கலந்தது

“கலரு சேரலையே மாரி. எப்படிக் கலந்தாலும் சேரல. இந்தக் கையை வெட்டிப் போட்டாத்தான் சரிப்படும்.”

இப்படிச் சொல்லி, மைக் கத்தியைக் கண்ணாடிப் பலகைமேல் விட்டெறிந்தார் ராமசுப்பு.

சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகம் அது. காலம் பூராவும் அங்கே மிஷின் ஓட்டியவர் அவர். யாரோ மை கலந்து கொடுப்பார்கள், இவர் ஓட்டுவார். தானாக ஒரு டப்பா கலந்ததில்லை.

கலந்து கொடுப்பவள் மாரீஸ்வரி. வயதில் அவருக்கு மகள் மாதிரி. ஆனால் நிறம் என்று வந்துவிட்டால் முதலாளிகூட அவள் முகத்தைத்தான் பார்ப்பார். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லமாட்டாள், அது ஒன்றுதான் அவளிடம் உள்ள வில்லங்கம்.

அவள் கத்தியைத் துடைத்துத் திரும்ப அவர் கையிலேயே கொடுத்தாள்.

“கை நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. இன்னொரு தடவை பாருங்க.”

விஷயம் இதுதான். ராமசுப்புவின் மனைவி பேச்சியம்மாள் போய்ச் சேர்ந்து வருஷம் ஆகப் போகிறது. நாளை மறுநாள் திதி. நினைவஞ்சலி அட்டை அடிக்க வேண்டும். படம் என்று தேடினால் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. பழைய வாக்காளர் அட்டையில் இருந்த கறுப்பு வெள்ளைப் படம். கேமராவைக் கண்டாலே அந்த அம்மாள் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள், என்ன செய்ய?

அதனால் அட்டையின் கரையாவது அவள் ஆசையாய் உடுத்திய கத்திரிப்பூச் சேலையின் நிறத்தில் இருக்க வேண்டும் என்று இவருக்கு ஒரே பிடி. அவளுடைய நிறம் என்று உலகத்தில் மிச்சம் இருப்பது அந்தச் சேலை மட்டும்தான். அந்த மையையும் நான்தான் கலப்பேன், நீ சொல்லிக்கொடு என்று காலையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார்.

“நீலத்தைக் கொஞ்சமாத் தொடுங்க. நீலம் ஒரு பொட்டு கூடிப் போனாலும் ஊரைக் கூட்டிரும்.”

“தெரியும், தெரியும்.”

“தெரிஞ்சா ஏன் கரண்டியில அள்ளுறீக?”

முறைத்துவிட்டு, நீலத்தைக் கத்தி நுனியில் தொட்டு மெஜந்தாச் சிவப்பில் சேர்த்தார். வெள்ளை போட்டார். இழைத்தார். விரலால் எடுத்துக் காகிதத்தில் தட்டினார். காய்ந்ததும் சேலை முந்தானையை அதன்மேல் வைத்துப் பார்த்தார்.

டியூப்லைட் வெளிச்சத்தில், காகிதம் எங்கே முடிகிறது, சேலை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

“ஆத்தாடி! சேந்துருச்சு! மாரி, இங்க வந்து பாரு. பேச்சியேதான்!”

பாவம், சந்தோஷத்தில் அவருக்கு வாய் குழறியது.

மாரீஸ்வரி பார்த்தாள். சேலையையும் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வாசலுக்குப் போனாள்.

“வெயிலுக்கு வாங்க.”

போய்ப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். சேலை சிவந்து கிடந்தது. காகிதத்தில் நீலம் தூக்கி நின்றது. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

“என்ன பிள்ள இது! உள்ள வச்சா ஒண்ணு, வெளிய வந்தா ஒண்ணு. மையில கோளாறா, சேலையில கோளாறா?”

“ரெண்டுலயும் இல்ல.”

“அப்ப என் கண்ணுலயா?”

அவள் உள்ளே போய்க் காலி டப்பா ஒன்றை எடுத்து வைத்தாள்.

வந்த கோபத்தில் மதியச் சாப்பாட்டைக்கூட மறந்து வேறொரு டப்பாவில் கலந்தார். ஒவ்வொரு தட்டலையும் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் வைத்துப் பார்த்தார். ஓடினார், வந்தார், ஓடினார். கடைசியில் வெயிலிலும் சேர்ந்துவிட்டது. அதை உள்ளே கொண்டுவந்து டியூப்லைட்டுக்குக் கீழே வைத்தால், மறுபடியும் காகிதம் ஒரு பக்கம், சேலை ஒரு பக்கம்.

“இது இப்படி ஆகும்னு உனக்கு முதல்லயே தெரியும்ல?”

“தெரியும்.”

“ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தாக் கேட்டிருப்பீகளாக்கும்.”

ராமசுப்பு முக்காலியில் உட்கார்ந்தார். கோபம் எல்லாம் இறங்கிப்போயிருந்தது.

“ரெண்டு வெளிச்சத்துலயும் சேர்ற மாதிரி நீ கலந்து குடு தாயி. உன்னால ஆகாததா?”

“ஆகாது அண்ணாச்சி. துணிக்குப் போட்ட சாயம் வேற, நம்ம மை வேற. ஒரு வெளிச்சத்துல கூடும், இன்னொண்ணுல பிரிஞ்சிரும். பட்டாசுப் பெட்டியோ, ஜவுளிக்கடைப் பையோ, யாரு வந்தாலும் நான் முதல்ல ஒண்ணுதான் கேப்பேன். உங்ககிட்டயும் அதையே கேக்குறேன்.”

“கேளு.”

“இந்தச் சேலையில மதினியை நீங்க எந்த வெளிச்சத்துல பாத்தீக?”

“இது என்ன கேள்வி? வீட்டுலதான்.”

“வீட்டுல எப்ப?”

ராமசுப்பு யோசித்தார்.

“விடியும் முன்னாடி ஷிப்டுக்குக் கிளம்பிருவேன். அவ டியூப்லைட்டைப் போட்டு காபி ஆத்திக் குடுப்பா. திரும்பி வர்றப்பப் பொழுது அடைஞ்சிரும். அப்பவும் லைட்டுதான்.”

“ஞாயித்துக்கிழமை?”

“ஓவர்டைம். இல்லைன்னாத் தூங்குவேன்.”

“கோயில் பொங்கலுக்கு?”

“அவ தங்கச்சிகூடப் போவா. இந்தச் சேலையைத்தான் உடுத்திக்கிட்டுப் போவா. வந்து, நான் வர்ற வரைக்கும் மாத்தாம உக்காந்திருப்பா. நல்லாயிருக்கான்னு கேப்பா.”

“நீங்க என்ன சொன்னீக?”

“சோத்தைப் போடுன்னேன்.”

அவர் பார்வை சேலைக்குப் போனது.

“ஒரு நாள்கூட, மாரி. ஒரு நாள்கூட நான் அவளை வெயில்ல வச்சுப் பாத்ததில்ல. பாவிப்பய, நானெல்லாம் ஒரு மனுசனா!”

தலையில் அடித்துக்கொண்டு அழுதார். போன வருஷம் பேச்சியம்மாளை எடுத்துக்கொண்டு போகும்போதுகூட அந்த மனிதர் இப்படி அழவில்லை.

மாரீஸ்வரிக்கும் கண் நிறைந்துவிட்டது. கை முழுக்க மை, துடைத்துக்கொள்ள முடியவில்லை.

மிஷின் பக்கமிருந்து குரல் வந்தது.

“பிளேட்டு ஏத்தியாச்சு. மை எங்க?”

“வருது!” என்று பதில் குரல் கொடுத்தாள். முதலில் கலந்த டப்பாவை, டியூப்லைட்டில் சேர்ந்ததை, அவர் பக்கம் நகர்த்தினாள்.

“இதை அனுப்பிரவா அண்ணாச்சி? நீங்க பாத்த மதினி இதுதான். அட்டையை வாங்குறவங்களும் வீட்டுக்குள்ள வச்சுத்தான பாப்பாங்க.”

ராமசுப்பு முகத்தைத் துடைத்தார். சேலையை எடுத்துக்கொண்டு எழுந்து வாசலுக்குப் போனார். சாயங்கால வெயில் இன்னும் மிச்சம் இருந்தது. இரண்டு கையிலும் சேலையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். டெம்போவில் காகிதக் கட்டு இறக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கவனிக்கவில்லை.

உள்ளே வந்து சேலையை மடித்து வைத்தார். வெயிலுக்குக் கலந்த டப்பாவை எடுத்து அவளிடம் நீட்டினார்.

“இதைக் குடு.”

“வீட்டுக்குள்ள சேராதே அண்ணாச்சி. அட்டையைப் பாக்குறப்பெல்லாம் இது யாரு சேலையோன்னு இருக்கும் உங்களுக்கு.”

“இருக்கட்டும்.”

“நீங்க ஒரு நாளும் பாக்காத கலரு.”

“அவ பாத்த கலரு தாயி.”