ஐந்தாம் இயலைப் படிக்காத பெருச்சாளி

கருங்கால் ஏரியில் செங்கண்ணி என்றொரு ஆள்காட்டிக் குருவி இருந்தாள். முனைவர் பட்டத்துக்குப் பெயரைப் பதிந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. அந்த ஆடி மாதத்துக் காலையில் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் தெரியுமா? ஆய்வா? அதுதான் இல்லை! ஆய்வு வழிகாட்டியான கைடு வீட்டு வாசலில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

கைடு ஒரு பெருச்சாளி. பெயர் முனைவர் குழிவேலர். ஏரிக்கரைப் புளியமரத்தடியில் பெரிய வளையாகத் தோண்டி, மனைவியும் பதினொரு பிள்ளைகளுமாகக் குடியிருந்தார். முப்பது பேருக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்தவர் என்று ஏரி முழுக்கப் பேச்சு. அந்த முப்பது பேரும் கடலை உரித்தவர்கள்தான். அதை மட்டும் யாரும் பேசுவதில்லை.

"சார், ஆய்வேட்டில் உங்க கையெழுத்து..." என்று இழுத்தாள் செங்கண்ணி.

"போடலாம்மா, போடலாம்! என்ன அவசரம்? முதல்ல கடலையை முடி. அம்மா ஏதோ கூப்பிட்டாங்களே, என்னன்னு கேளு!"

உள்ளேயிருந்து பெருச்சாளியம்மாவின் குரல் வந்தது. "வாடியம்மா செங்கண்ணி! சின்னதுங்க ரெண்டுக்கும் உடம்பெல்லாம் உண்ணி. கொத்தி எடுத்துவிட்டுட்டுப் போ!"

ஏழு வருஷம் படித்தவள் உண்ணி கொத்தினாள். உச்சந்தலை கொதித்தது. ஆனாலும் கொத்தினாள்.

ஏன் பொறுத்துக்கொண்டாள்? பெயருக்கு முன்னால் பட்டம் போட்டுக்கொண்டு திரியவேண்டும் என்ற ஆசை அவளுக்குக் கிடையாது. ஏரிக்கரைக்கு வெளியே ஒரு சரளை நிலம். ஆள்காட்டிகள் மரத்தில் கூடு கட்டாது. அந்தச் சரளையில்தான் முட்டையிடும். ஆடியில் புதுத் தண்ணீர் வந்து ஏரி நிரம்பினால், கரையில் எங்கோ கசிந்து சரளை நிலம் குளமாகிவிடும். அடுத்தடுத்து இரண்டு வருஷம் செங்கண்ணியின் முட்டைகள் அவள் கண் முன்னாலேயே மிதந்து போயின.

ஏரிச் சபையில் முறையிட்டாள். சபையில் இருந்தவை தவளைகள். "நண்டுதான் ஓட்டை போடுது! நண்டை விரட்டு!" என்று கத்தின. பாவம், நண்டுகள் அடி வாங்கின. மறு வருஷமும் தண்ணீர் கசிந்தது.

"நண்டு இல்லை! வேற ஏதோ காரணம் இருக்கு!" என்றாள் செங்கண்ணி.

"அதைச் சொல்ல நீ யாரு? முனைவரா?" என்றது தலைமைத் தவளை. "முனைவர் சொன்னால்தான் சபை கேட்கும். அது விதி!"

"அப்படியா? அந்தப் பட்டத்தையும் வாங்கிக்கிட்டே வர்றேன்!" என்று விடுவிடுவென்று நடந்தவள்தான், நேராகப் பெருச்சாளி வாசலில் போய் நின்றாள்.

ஆய்வை அவள் உயிரைக் கொடுத்துச் செய்தாள். கரையில் இருந்தவை நூற்றுப் பன்னிரண்டு வளைகள். ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டாள். ஏரிப் பக்கத்து வாயில் புங்கம்பூவைப் போடுவாள். வெளிப் பக்கம் ஓடிப்போய், பூ வருகிறதா என்று நாள் முழுக்க நிற்பாள். நண்டு வளைகளில் போட்ட பூ எதுவும் வெளியே வரவில்லை. மூன்றாம் வருஷம், புளியமரத்தடியில் ஒரு வளை. போட்ட பூவெல்லாம் மறுபக்கம் கொட்டியது!

அது கைடு வீட்டுக் கொல்லை வழி.

கைடாயிற்றே என்று செங்கண்ணி பார்க்கவில்லை. கண்டதைக் கண்டபடி ஐந்தாம் இயலில் எழுதினாள். ஆலிலையில் அலகால் கீறி, இருநூற்றுப் பன்னிரண்டு இலைகளையும் தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கொடுத்த கையோடு, பதினொரு வருஷமாக அதே கைடிடம் கிடந்த ஆமையிடம் போய்ப் புலம்பினாள்.

"அண்ணே, ஐந்தாம் இயலைப் படிச்சார்னா என்னைத் தொலைச்சுடுவார்!"

ஆமை ஓடு குலுங்கச் சிரித்தது. "அவர் படிப்பார்னா பயப்படுறே? தங்கச்சி, என்னுடைய ஆய்வேட்டை எட்டு வருஷமாத் தலைக்கு வெச்சுத் தூங்குறார்!"

ஆமை சொன்னது அப்படியே பலித்தது. ஆறு மாதம் கழித்துக் குழிவேலர் ஒரு திருத்தம் சொன்னார். "ஓரத்தில் ரெண்டு விரல் இடம் விடு." விட்டு எழுதினாள். மறு வருஷம், "இலையெல்லாம் ஒரே பச்சையா இல்லையே, மாத்து" என்றார். மாற்றினாள். அதற்கடுத்த வருஷம் அவர் பிள்ளைகள் முதல் இயலைக் கடித்துத் தின்றுவிட்டன. "பசி வேளை, குழந்தைங்கதானே!" என்றார். மறுபடி எழுதினாள். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட அவர் கேட்டதில்லை. இப்படியே நாலு வருஷம் போயிற்று. அந்த நாலு வருஷமும் ஆடி வந்தது. முட்டையும் போயிற்று.

அன்று உண்ணி கொத்திவிட்டுச் செங்கண்ணி வீடு திரும்பினாள். சரளையில் நாலு முட்டைகள். அவள் கணவன் அடைகாத்துக்கொண்டிருந்தான்.

"கையெழுத்து ஆச்சா?"

"கடலை உரிச்சேன்."

"வாங்க, கடலை டாக்டரே!" என்று சிரித்தவன், அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். "கோவிச்சுக்காதே. மேல்மடைக்குப் புதுத் தண்ணீர் வந்தாச்சாம். வாத்துங்க பேசிக்கிட்டுப் போச்சு. எட்டு நாளில் ஏரி நிரம்பிடும். முட்டை பொரிய இன்னும் பதினைந்து நாள் ஆகும்."

செங்கண்ணி உட்காரக்கூட இல்லை. வந்த வழியே திரும்பினாள்.

ஆள்காட்டி கத்தினால் எப்படி இருக்கும் என்று கேட்டவர்களுக்குத் தெரியும். மூன்று ஊர் விழித்துக்கொள்ளும். அவள் புளியமரத்தடியில் நின்று கத்தினாள். குழிவேலர் மதியத் தூக்கத்திலிருந்து அலறி எழுந்து வெளியே வந்தார்.

"என்னம்மா இது, அநாகரிகமா! படிச்சவ செய்யிற காரியமா இது?"

"படிச்சவ செய்யிற காரியம் எதைத்தான் நீங்க செய்ய விட்டீங்க? கடலை உரிச்சேன், உண்ணி கொத்தினேன், உங்க பிள்ளைங்க தின்னதைத் திரும்ப எழுதினேன்! இந்த வாரத்துக்குள்ள வைவா வைக்கணும். இல்லேன்னா தினமும் இங்கே வந்து கத்துவேன். நான் கத்தினா ஏரியே கேட்கும், தெரியுமில்ல?"

குழிவேலர் மீசையைத் தடவினார். தூக்கம் போய்விடுமே என்ற கவலை. "சரி, வெச்சுடலாம். ஆனா ஒண்ணு. பட்டம் உனக்கு; கண்டுபிடிப்பு எனக்கு. முடிவை நான்தான் சபையில் வாசிப்பேன். முதல் பெயர் என்னுது. சம்மதமா?"

வெயிலில் நின்றது செங்கண்ணி. பூப் போட்டது அவள். முட்டையைப் பறிகொடுத்தது அவள்! ஆனாலும் அவள் நேர்மையானவள். "சார், வாசிக்கிறதுக்கு முன்னாடி ஐந்தாம் இயலை ஒரு தடவை படிச்சுப் பார்த்துடுங்க" என்றாள்.

"முப்பது பேருக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்தவன் நான்! எனக்கே படிக்கச் சொல்லித் தர்றியா? கொண்டா இங்கே!"

முதல் இலையில், 'இந்த ஆய்வேட்டின் ஒவ்வொரு வரியையும் படித்துச் சரிபார்த்தேன்' என்ற சான்றிதழின் கீழே காலை மையில் தோய்த்து ஒரு குத்து குத்தினார். இரண்டாம் இலையைத் திருப்பவே இல்லை.

ஐந்தாம் நாள் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. பக்கத்து ஏரியிலிருந்து தேர்வாளராகப் பேராசிரியர் கூழைக்கடா பறந்து வந்தார். வைவா என்றால் தேர்வாளருக்கு விருந்து வைக்க வேண்டும். யார் ஏற்படுத்திய வழக்கமோ, ஆராய்ச்சி செய்பவர் தலையில்தான் அதுவும் விடியும். புழு தின்னும் செங்கண்ணி ஒரு நீர்க்காகத்திடம் கெஞ்சி இருபது கெண்டை மீன் ஏற்பாடு செய்திருந்தாள்.

தவளைச் சபை கூடியது. நண்டுகளும், எருமைகளும், ஆமையும் வந்து நின்றன. கூழைக்கடா மீன் இருந்த பக்கம் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு முதல் கேள்வியைக் கேட்டார்.

"என் நூலை ஏன் மேற்கோள் காட்டலை?"

"காட்டியிருக்கேன் சார். மூன்று இடத்தில்."

"ஓ! அப்ப நல்ல ஆய்வுதான். சாப்பாடு எத்தனை மணிக்கு?"

அதோடு தேர்வு முடிந்தது! ஏழு வருஷத்துக்கு இரண்டு கேள்வி!

குழிவேலர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். "சபையோரே! கரை ஏன் கசியுது? எத்தனையோ வருஷமா விடை தெரியாத கேள்வி. இதோ, என் கண்டுபிடிப்பு! என் சொந்த ஆய்வு!" ஐந்தாம் இயலைப் பிரித்து உரக்க வாசிக்கத் தொடங்கினார். "கரையில் நூற்றுப் பன்னிரண்டு வளைகள் உள்ளன. நண்டு வளை எதிலும் கசிவு இல்லை."

நண்டுகள் கொடுக்கைத் தட்டின.

"கசிவு முழுவதும் ஒரே வளையில்தான். அது, புளியமரத்தடியில், முனைவர்... முனைவர் குழி..."

குரல் நின்றுவிட்டது. வால் மட்டும் ஆடியது.

"மேலே படிங்க சார்!" என்றது ஒரு நண்டு.

"இது... இது என்னுடையது இல்லை! இவ எழுதினது! எனக்கு ஒண்ணுமே தெரியாது!"

"இப்பத்தானே சொந்த ஆய்வுன்னீங்க?" என்றது ஆமை. பதினைந்து வருஷத்தில் அது அவ்வளவு வேகமாகக் கழுத்தை நீட்டி யாரும் பார்த்ததில்லை. "முதல் இலையில் யாரு கையெழுத்து? ஒவ்வொரு வரியையும் படிச்சதா யாரு சொன்னது?"

நண்டுகள் தலைமைத் தவளையைச் சூழ்ந்துகொண்டன. "முனைவர் சொன்னால் சபை கேட்கும்னீங்களே! முனைவரே சொல்லிட்டார், தன் வாயாலேயே! அடைங்க அந்த வளையை!"

விதி விதிதானே. தவளைக்கு வேறு வழி இல்லை. "புளியமரத்து வளையை அடைக்கலாம்" என்று முனகியது.

கூழைக்கடா அவசர அவசரமாக எழுந்தார். "பட்டத்துக்குப் பரிந்துரை செய்றேன்! வாழ்த்துகள் டாக்டர் செங்கண்ணி! அந்தக் கெண்டை மீன்..."

செங்கண்ணி அவர் முன்னால் போய் நின்றாள். ஏழு வருஷக் கோபமும் அலகு நுனியில் நின்றது. "கரையை அடைக்கிறவங்களுக்குத்தான் இன்னைக்குச் சாப்பாடு! உங்க தாடைப் பை பெருசாத்தானே இருக்கு? வாங்க சார், மண்ணு சுமக்கலாம்!"

ஏரியே சிரித்தது. பேராசிரியர் பை பையாகக் களிமண் சுமந்தார். எருமைகள் மிதித்து இறுக்கின. குழிவேலர், மனைவியோடும் பதினொரு பிள்ளைகளோடும் கொல்லை வழியைத் தன் காலாலேயே அடைத்துவிட்டு, தூரத்து மேட்டுக்குக் குடிபோனார். அவர் மூட்டை கட்டும்போது, தலைக்கு வைத்துத் தூங்கிய தன் ஆய்வேட்டை ஆமை உருவிக்கொண்டது.

மூன்றாம் நாள் ஏரி நிரம்பித் தளும்பியது. சரளை நிலத்தில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஒரு வாரம் கழித்து நாலு முட்டைகளும் பொரிந்தன. குஞ்சுகள் அன்றைக்கே நெட்டைக் காலில் ஓடத் தொடங்கின.

"டாக்டரம்மா, குஞ்சுங்களைப் பாரு! எந்தப் பக்கம் ஓடுதுன்னே தெரியலை!" என்று கத்தினான் கணவன்.

"டாக்டரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்! அந்தப் பக்கம் நீங்க ஓடுங்க, இந்தப் பக்கம் நான் ஓடுறேன்!" என்று பறந்தாள் செங்கண்ணி.

அடுத்தவர் உழைப்பைப் படித்துக்கூடப் பார்க்காமல் தன் பெயரில் எழுதிக்கொள்பவன், அதற்குள் இருக்கும் தன் குற்றத்துக்கும் தானே கையெழுத்துப் போட்டுக்கொள்கிறான்.