பேரிங் அடக்கிய ஆட்டம்

விண்கலம் கவிழ்ந்தது.

வானிலிருந்து இறங்கும்போது ஆடியது. ஆட்டம் கூடிக்கொண்டே போனது. தலைகுப்புற உருண்டது. பாராசூட் கயிறு சுற்றிக்கொண்டது. மிச்சம் கடலில்.

உள்ளே ஆள் இல்லை.

அடுத்த கலத்தில் ஆள் உண்டு.

கவிழாது என்று அறிக்கை கொடுத்தவன் ஜுலைகா மேடத்தின் அறைக்கு வந்தான். கலத்தின் மாதிரிமேல் காற்றை அடித்துச் சோதிக்கும் காற்றுச் சுரங்கம் அவர் பொறுப்பு. அவனைவிட ஆறு வயது இளையவர். இருந்தாலும் அவனுக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். வயது எப்படியோ போகட்டும். அவர் குரு, இவன் சீடன்.

"எங்க தப்பு மேடம்? சுரங்கத்துல நல்லா நின்னுச்சே."

"எப்படிப் பார்த்தீங்க?"

"கலத்தோட சின்ன மாதிரி ஒண்ணு செஞ்சு அச்சுல மாட்டினேன். சத்தத்தைவிட ஏழு மடங்கு வேகத்துல காத்து விட்டேன். தட்டிவிட்டேன். ஆடுச்சு. அடங்கிடுச்சு."

"எதனால அடங்குச்சு?"

"காத்தால. அதோட உருவம் அப்படி."

"அச்சுல பேரிங் இருக்கே. அது உராயுமே."

"அந்த உராய்வைக் கழிச்சுட்டேன் மேடம். காத்து இல்லாம ஆட்டி, அளந்து, கழிச்சுட்டேன். புத்தகத்துல அப்படித்தான் இருக்கு."

"புத்தகத்துக்கென்ன? அது கவிழாது."

அவன் உட்கார்ந்தான். வலது கால் தடதடவென்று ஆடியது. மேசை மேலிருந்த டீ கிளாஸ் கிலுகிலுத்தது.

"கூட்டத்துல கிழிச்சுட்டாங்க மேடம். கவிழாதுன்னு யாருய்யா சொன்னதுன்னு சேர்மன் கேட்டார்."

"என்ன சொன்னீங்க?"

"கருவி சொல்லுச்சுன்னேன்."

"பலே. கருவிக்கு மெமோ குடுத்தாங்களா?"

அவன் சிரிக்கவில்லை. கால் இன்னும் வேகமாக ஆடியது.

ஜுலைகா எழுந்தார். மூலையில் ஓர் இரும்புக் கட்டி கிடந்தது. மூச்சைப் பிடித்துத் தூக்கி வந்து அவன் தொடைமேல் வைத்தார்.

கால் நின்றது. கிளாசும் நின்றது.

"ஆட்டம் நின்னுச்சா?"

"நின்னுச்சு."

"பயம்?"

கட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"காத்து அடிக்கிறப்போ மாதிரியைப் பின்னாடி தள்ளும்..."

"ம்."

"பேரிங் இறுகும். உராய்வு கூடும். நான் கழிச்சது காத்தே இல்லாதப்போ இருந்த உராய்வை."

"ம்."

"அப்போ அது தானா அடங்கல. பேரிங் அடக்கியிருக்கு."

"கட்டியை இறக்கி வைங்க. கால் மரத்துப்போயிடும்."

இறக்கி வைத்தான்.

"மாதிரியை வேற எப்படித்தான் பிடிக்கிறது மேடம்?"

"எதுக்குப் பிடிக்கணும்?"

பிடிக்காமல் விடும் வழி ஒன்று உண்டு. அவனுக்கும் தெரியும். மாதிரியை மெல்லிய நூலில் தொங்கவிட வேண்டும். காற்று வந்து நூலை அறுக்கும். மாதிரி கண்ணிமைக்கும் நேரம் தன்பாட்டுக்குப் பறக்கும். கேமராவுக்கு அது போதும். அப்புறம் சுவர்.

"உடைஞ்சிடும் மேடம். எவ்வளவு பாடுபட்டுச் செய்யறோம்."

"இங்கேயே உடையட்டும்."

தொங்கவிட்டான். நூல் அறுந்தது. மாதிரி ஆடியது. ஆட்டம் பெருத்தது. புரண்டு, சுவரில் மோதித் தூளானது.

கடல்மேல் நடந்ததேதான்.

அடுத்த மாதிரியில் உள்ளிருக்கும் எடையை மூக்குப் பக்கம் கொஞ்சம் தள்ளினான். உடைந்தது. இன்னும் தள்ளினான். புரண்டு உடைந்தது. மாதிரி செய்யும் பட்டறையில் அவன் தலை தெரிந்தாலே லேத்தை நிறுத்திவிட்டு முறைத்தார்கள்.

"வந்துட்டார்யா, உடைக்க அடுத்த தேங்காய் கேட்டு."

அதற்கும் அவன் சிரிக்கவில்லை.

கடைசியில் ஒன்று ஆடியது. ஆட்டம் சிறுத்தது. இன்னும் சிறுத்தது. மூக்கு முன்னே பார்த்தபடி போய் மோதியது.

மறுபடி செய்து பார்த்தான். மறுபடியும் அப்படியே.

மறுபடியும் கூட்டம் போட்டார்கள். முதல் வரிசையில் ஒரு பெண் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். அடுத்த கலத்தில் ஏறப்போகிறவள்.

மேசைக்கடியில் அவன் கால் தடதடத்தது. பக்கத்தில் இருந்த ஜுலைகா குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு அதை ஆடவிட்டார்.

ஆடுகிற காலோடு எழுந்து நின்றான்.

அந்தப் பெண் கேட்டாள்: "ஆடாதா சார்?"

"ஆடும்மா. தானா அடங்கும்."

சேர்மன் செருமினார்.

"இந்தத் தடவையும் கருவிதான் சொல்லுதாக்கும்?"

"இல்ல சார்."

திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்தான்.

"நான் சொல்றேன்மா. இசக்கிமுத்து."