உருண்டையில் ஒரு கோணல்

முன்னொரு காலத்தில், ஒரு தண்ணீர்த் துளிக்குள் மெல்லிய தோல் ஒன்று விரித்த பாய்போல மிதந்துகொண்டிருந்தது. அந்தத் தோல் நெடுகக் கண்ணுக்குத் தெரியாத குச்சிகள் தோளோடு தோள் நெருக்கிப் படுத்திருந்தார்கள். அவர்களுக்கு ஒரே வழக்கம்தான்: பக்கத்தில் இருப்பவர் எந்தத் திசையோ, தானும் அந்தத் திசை. அது பிசகாமல் பார்த்துக்கொள்ள நிமிர்ந்தப்பன் என்றொரு மேஸ்திரி.

பாயின் ஓரத்தைத் தண்ணீர் ஓயாமல் கடித்தது. பொறுத்துப் பார்த்த தோல், ஓரமே வேண்டாமென்று தன்னைச் சுருட்டி உருண்டைப் பையாக மூடிக்கொண்டது. "அப்பாடா!" என்றார்கள் எல்லாரும்.

அன்றைக்கே பிடித்தது வினை. நாலு இடங்களில் வரிசை சேரவில்லை. அவற்றில் ஓரிடம் சாய்வாண்டி என்ற குச்சியின் தலையில் விழுந்தது. இடப்பக்கத்தோடு ஒட்டிப் படுத்தால் வலப்பக்கம் இடித்தது. வலப்பக்கம் திரும்பினால் இடப்பக்கம் சீறியது.

"டேய், நேராப் படுடா!" மேஸ்திரி சுற்றி வரும்போதெல்லாம் இதே அதட்டல்.

"எந்த நேருங்க? ஆளுக்கொரு நேர் காட்டுறாங்களே."

"வாய் மட்டும் நல்லா நேரா இருக்கு!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். சாய்வாண்டியும் சிரித்துவைத்தான். சிரிக்காவிட்டால் அதற்கும் ஒரு பேச்சு கேட்க வேண்டும்.

புரண்டு புரண்டு அவன் உடம்பு நைந்துபோயிற்று. ஒருநாள் மேஸ்திரி முடிவாகச் சொன்னார்: "நீ வெளியே போயிடு. நீ போனா வரிசை தானா சேர்ந்துடும்."

வெளியே என்றால் தண்ணீர். போன குச்சி கரைந்துவிடும். சாய்வாண்டிக்கும் அது தெரியும். ஆனாலும் அவனுக்கு அலுத்துவிட்டது. மெல்ல நழுவினான்.

பாதி உடம்பு தண்ணீரில் சில்லிட்டபோது பின்னால் மேஸ்திரியின் குரல் கேட்டது.

"ஏம்மா, நேராப் படும்மா!"

திரும்பிப் பார்த்தான். நெருக்கடியில் அவன் இடத்துக்குச் சரிந்து வந்திருந்தாள் பக்கத்துத் தோளம்மா. பிறந்தது முதல் ஒரு நூல் கூடச் சாயாதவள். இப்போது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திணறிக்கொண்டிருந்தாள்.

"நான் என்ன பண்ணட்டும் மேஸ்திரி அண்ணே? இத்தனை நாள் ஒழுங்காத்தானே இருந்தேன்!"

அதுவரை வாய் திறக்காத தோல் அப்போதுதான் பேசியது. "நிமிர்ந்தப்பா, நான் இப்போ உருண்டை. உருண்டையில் வரிசை எங்கேயாவது முட்டத்தான் செய்யும். உன் சட்டம் பாய்க்குப் போட்டது. நீ எத்தனை பேரைத் தள்ளினாலும் அந்த இடத்தில் ஒருத்தர் கோணித்தான் கிடக்கணும்."

மேஸ்திரிக்கு நம்பிக்கை வரவில்லை. அவர் நடந்த இடமெல்லாம் காலடியில் தட்டையாகத்தான் இருந்தது.

சாய்வாண்டி தண்ணீரிலிருந்து உடம்பை இழுத்துக்கொண்டு திரும்பி வந்தான்.

"நகருங்க அக்கா. எனக்குப் பழகிப்போச்சு."

தோளம்மா நகர்ந்தாள். தோல் ஒரு பெருமூச்சு விட்டு, அவன் படுத்த இடத்தில் கொஞ்சம் கூம்பாக எழும்பிக் கொடுத்தது. இரண்டு பக்க இடியும் தளர்ந்தது.

அடுத்த சுற்றில் மேஸ்திரிக்குக் கால் இடறியது.

"எவன்டா இங்கே மேடு போட்டது?"

சாய்வாண்டி காதில் அது விழவில்லை. வெகுநாள் கழித்து அவனுக்குத் தூக்கம் வந்திருந்தது.