கோணல் மரத்துப் பொந்து

எந்த ராஜாவும் பிறக்காத காலத்தில், கடலுக்கு அப்பால் ஒரு தைலமரக் காடு இருந்தது, கேளுங்கள். இரவில் மரத்துக்கு மரம் பாய்ந்து, பகலில் பொந்தில் உறங்கி, குட்டியை வயிற்றுப் பையில் சுமந்து வாழும் பிராணிகள் அங்கே இருந்தன.

அவற்றுக்கு ஒரு வழக்கம். பொந்தின் வாசலில் மார்பைத் தேய்த்து வாசம் பூசிவிட்டால் அது சொந்தப் பொந்து. வேறு யாரும் நுழையக் கூடாது.

அவற்றில் பஞ்சுவாலி என்பவளுக்கு அப்படி நான்கு பொந்துகள். படுப்பதோ ஒன்றில்தான். ஓர் உடம்புக்கு எத்தனை வீடு பாருங்கள்!

ஒரு கோடையில் காடு பற்றி எரிந்தது. ஓடைக்கரையில் இருந்த பஞ்சுவாலியின் மரங்கள் மட்டும் தப்பின. மழை பெய்ததும் கரிந்த மரங்கள் துளிர்த்தன. துளிரில் எப்படிக் குடியிருப்பது? ஒரு மரத்தில் பொந்து விழப் பல தலைமுறை ஆகுமே.

ஒரு விடியலில், வீடு எரிந்துபோன சாம்பலி தன் குட்டியோடு வந்தாள்.

"அக்கா, கீழ்ப்பொந்து காலியா இருக்கே, பகல்ல மட்டும் படுத்துக்கட்டுமா?"

"அது எனக்கு மழைக்கு வேணும்."

"மேல்பொந்து?"

"அது வெயிலுக்கு."

"அந்தக் கோணல் மரத்துப் பொந்து?"

பஞ்சுவாலி, "அதுல என் வாசம் இருக்கு. அவ்வளவுதான்," என்றாள்.

சாம்பலி குட்டியை ஒரு சின்னப் பட்டை இடுக்கில் ஒளித்துவிட்டு, பக்கத்து மொட்டைக் கிளையில் சுருண்டு படுத்தாள். மறைக்க ஓர் இலைகூட இல்லை. உச்சிவேளையில் கழுகு வந்தது.

அவள் அலறியது பஞ்சுவாலிக்குக் கேட்டது. கேட்டும், வெளியே நீட்டியிருந்த வாலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

பொழுது சாய்ந்ததும் கிளையைப் பார்த்தாள். கொஞ்சம் ரோமம்தான் கிடந்தது. வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. பட்டை இடுக்கில் உறங்கிக் கிடந்த, ஒன்றும் அறியாத குட்டியை முதுகில் ஏற்றிக் கோணல் மரத்துக்குக் கொண்டுபோனாள்.

குட்டி வாசலை முகர்ந்து பின்வாங்கியது. "இது யாரோட வீடோ. அடுத்தவங்க வாசம் இருந்தா நுழையக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க."

"என் வாசம்தான் கண்ணு. நானே சொல்றேன், போ."

குட்டி அசையவில்லை.

பஞ்சுவாலி தான் வாசம் பூசிய பட்டையைப் பல்லால் கடித்துக் கடித்து உரித்தாள். ஈறில் ரத்தம் வந்தது. வாசம் போனபிறகுதான் குட்டி உள்ளே போனது.

உள்ளிருந்து அதன் குரல் வந்தது. "நிறைய இடம் இருக்கு பெரியம்மா. அம்மாவும் படுத்துக்கலாம்."

பஞ்சுவாலி வாசலிலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

சும்மா கிடக்கும் இடத்தைக் கேட்ட வேளையிலேயே கொடுத்துவிட வேண்டும். காலம் கடந்து வாசலைத் திறந்தால் வரவேண்டியவர் வரமாட்டார்.