காக்கைக்கு வால் முளைத்த கதை

சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே சொல்கிறேன். என் கண்ணில் தண்ணீர் வந்தால் கதைக்காக என்று நினைத்துவிடாதீர்கள். இது சிரிக்கிற கதைதான்.

ஒரு ராஜா. அவர் நாட்டில் சில்லறைத் திருட்டுக்குச் சிறை கிடையாது. முன்கையில் ஒரு காக்கையைப் பச்சை குத்தி அனுப்பிவிடுவார்கள். அவ்வளவுதான் தண்டனை. ஆனால் பச்சை சாகும்வரை போகாதே! எங்கே வேலை கேட்டுப் போனாலும், "முதலில் கையைக் காட்டு" என்பார்கள்.

பூவாத்தாள் என்று ஒருத்தி. மசக்கையில் நாக்கு அடங்காமல் அரண்மனைத் தோட்டத்தில் ஒரு மாங்காய் பறித்துவிட்டாள். குத்தினார்கள் காக்கை. பிள்ளை பிறந்து நடக்கவும் ஆரம்பித்தது. புருஷன் போய்ச் சேர்ந்தான். கையைப் பார்த்தவர்கள் யாரும் அவளுக்கு வேலை தரவில்லை. வீட்டில் அடுப்பு எரியவில்லை.

அந்தச் சமயம் அரண்மனையில் குட்டி இளவரசனைத் தூக்கி வைத்திருக்க ஆள் தேடினார்கள். ஓயாமல் அழுத குழந்தை பூவாத்தாள் இடுப்பில் ஏறியதும் கப்சிப். ராணிக்கு அவளைப் பிடித்துவிட்டது.

மந்திரி பொன்னுரங்கர் விடுவாரா? அவர் முன்கையில் எப்போதும் அகலமாக ஒரு தங்கக் காப்பு கிடக்கும். குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டாராம்.

"மன்னா, இவள் காக்கைக்காரி! இன்று மாங்காய், நாளை மணிமுடி!"

சபையில் எடக்குப் பேசியே சம்பளம் வாங்குகிற விருத்தகிரி எழுந்தான்.

"தண்டனைதான் அன்றைக்கே முடிந்துவிட்டதே மன்னா?"

"காக்கை இருக்கிறதே!" என்றார் ராஜா. "நாளைக் காலை அவள் கையில் காக்கை இருக்கக் கூடாது. தோலை உரிக்காதே, சுடாதே. செய்தால் அவளுக்கு வேலை. இல்லையென்றால் உன் கையிலும் ஒரு காக்கை!"

பூவாத்தாள் பதறினாள். "ஐயா, தேய்க்காத கல் இல்லை. அழியவே அழியாது. எனக்காக நீங்கள் ஏன்..."

"அழிக்கிறேன் என்று நான் எப்போது சொன்னேன்? வா தாயி."

நேரே பச்சை குத்துகிறவள் குடிசைக்கு.

காலையில் சபையில் கையை நீட்டினாள். வீக்கத்துக்குப் பூசிய மஞ்சளுக்கு நடுவே, தலையில் கொண்டை, பின்னால் முழங்கை வரை தோகை. அருமையான மயில்!

ராஜா கிட்ட வந்து உற்றுப் பார்த்தார். "அடே, என்னை ஏமாற்றுகிறாயா? மயிலுக்கு அடியில் அந்தக் காக்கை அப்படியே இருக்கிறதே!"

"இருக்கிறது மன்னா. காக்கைக்கு அடியில் நல்ல கையும் அப்படியேதான் இருந்தது. அதை மட்டும் யாருமே உற்றுப் பார்க்கவில்லையே!"

ராஜா திருதிருவென்று முழித்தார். பிறகு தொப்பை குலுங்கச் சிரித்தார். பூவாத்தாளுக்கு வேலை. கூடவே அந்த மாமரமும். திருந்தி வாழ்கிற எல்லாக் காக்கைக்கும் அரண்மனைச் செலவில் தோகை!

மறுநாள் விடிவதற்குள் பச்சை குத்துகிறவள் வாசலில் ஒரே கூட்டம். விருத்தகிரி வேடிக்கை பார்க்கப் போனான். எல்லாருக்கும் முன்னால் முக்காடு போட்டு ஒரு ஆள். "சீக்கிரம் அம்மா, சபைக்கு நேரமாச்சு" என்று அவசரப்படுகிறார். ஒரு கையை அவளிடம் நீட்டியிருக்கிறார். இன்னொரு கையில், கழற்றி வைத்த அகலமான தங்கக் காப்பு! விருத்தகிரி மெல்லக் குனிந்து, "வணக்கம் மந்தி..."

இதோ வந்துட்டேன் அத்தை! தொட்டிலை ஒரு ஆட்டு ஆட்டுங்க, கையெல்லாம் வெங்காயம்!